ஏழு நிமிடம்

மூன்றே முக்காலுக்கு அலாரம்.
அதற்கு முன்னாலேயே அது எழுந்துவிடுகிறது.
கோதுமைப் பையை மைக்ரோவேவில் வைத்துவிட்டுச்
சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நிற்கிறேன்.
இரண்டு நிமிடம் பத்து விநாடி.
கூடினால் துணி கருகும்,
குறைந்தால் டெப்போ போய்ச் சேருமுன் ஆறிவிடும்.
இந்தக் கணக்கு கைக்கு வர
ஒரு குளிர்காலம் முழுக்க ஆனது.

சீருடைக் கால்சட்டை இரண்டு அளவில் இருக்கிறது.
காலையில் சின்னது பொருந்தும்.
பெரியதைத்தான் மாட்டுகிறேன்.
மதியத்துக்குள் உப்பி
இன்னொருத்தியின் வயிறாகிவிடும்.

காபி இல்லை.
ஹெல்சின்கியில் காபி குடிக்காத டிராம் ஓட்டுநர்
நீ ஒருத்திதான் என்கிறான் ரைமோ.
ஓட்ஸ் கஞ்சி நான்கு கரண்டி.
ஐந்தாவது திரும்பி வரும்.
இடுப்பில் ஒட்டிய இரண்டு பட்டைகள்,
சட்டைக்குள் ஓடும் கம்பி,
பாக்கெட்டில் சின்னப் பெட்டி:
எறும்பு ஊர்கிற மாதிரி மின்சாரம்.
வலியை அது போக்காது,
வலி பேசும்போது குறுக்கே பேசும், அவ்வளவே.

பெரிய மாத்திரை வீட்டில்.
அதை விழுங்கினால் வண்டி ஓட்டக் கூடாது.
மற்றவர்கள் விடுமுறைக்குப் பணம் சேர்ப்பதுபோல
நான் அதைச் சேர்க்கிறேன்.

ஒன்பது வருடம்
"பெண் என்றால் இருக்கத்தானே செய்யும்."
பத்தாவது வருடம் ஒரு பெயர் கிடைத்தது:
எண்டோமெட்ரியோசிஸ்.
கருப்பைக்குள் இருக்க வேண்டியது
குடலிலும் நீர்ப்பையிலும் குடியேறியிருக்கிறதாம்.
"தப்பான வண்டியில் ஏறிய பயணி" என்றேன்.
டாக்டர் சிரிக்கவில்லை.
ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டார்.

எண்ணில் எப்படிச் சொல்ல?
ஹகானியெமி சந்தைவரை நிமிர்ந்து உட்கார முடிந்தால்
நல்ல நாள்.
பாலம் ஏறும்போதே இடது தொடை மரத்தால்
அன்றைக்கு யாரோடும் பேச்சு கிடையாது.
ஆறு என்றேன்.
ஆறு என்று எழுதிக்கொண்டார்.

கடைசி நிறுத்தத்தில் ஏழு நிமிடம்.
கழிப்பறைக்குப் பனியில் நாற்பது தப்படி,
திரும்ப நாற்பது.
உட்கார்ந்தால் கத்தி.
எழுந்தால், உட்கார்ந்த கத்தி எழவில்லை.
ரைமோவின் வண்டி எனக்கு முன்னால் போகும் நாட்களில்
அங்கே ஹீட்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்.
அவன் எதையும் கேட்டதில்லை.
நானும் சொன்னதில்லை.

டிசம்பரில் ரோமத் தொப்பிக்காரி ஒருத்தி
என் வயிற்றைப் பார்த்து
எத்தனை மாதம் என்றாள், முகம் மலர.
ஐந்து என்றேன்.
ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.
பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்துக் கையில் வைத்தாள்.
கடைசி நிறுத்தத்தில் உரித்துத் தின்றேன்.
பொய்க்கு அவ்வளவு இனிப்பு ஆகாது.

இன்று செவ்வாய்.
கண்ணாடியில், நடுக்கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெண்.
கம்பியைப் பிடித்திருக்கவில்லை.
கொடியில் போட்ட ஈரத் துண்டாக
அதன்மேல் மடிந்திருந்தாள்.
குடித்தவர்கள் முன்னால் சரிவார்கள்,
தூங்குகிறவர்கள் பக்கவாட்டில்.
நடுவில் மடிவது வேறு.

பிரேக்கை விரலால் தொடுவதுபோலத் தொட்டேன்.
வளைவில் ஊர்ந்தேன்.
தண்டவாள இணைப்புகளை
ஒவ்வொன்றாக, சத்தம் எழாமல், கடந்தேன்.
பின்னால் ஒரு கார் ஹாரனிலேயே கை வைத்திருந்தது.

"ஹில்லேவி, இரண்டரை நிமிடம் பின்தங்கியிருக்கிறாய்.
என்ன காரணம்?"
தண்டவாளத்தில் பனி என்றேன்.
மறுமுனை கொஞ்ச நேரம் மௌனம்.
நான்கு நாளாகப் பனி விழவில்லை.
"சரி" என்றது.

அவள் நூலக நிறுத்தத்தில் இறங்கிப் போனாள்,
திரும்பிப் பார்க்காமல்.
பசியாக இருந்திருக்கலாம்.
கெட்ட செய்தி ஏதாவது வந்திருக்கலாம்.

எனக்கு மிஞ்சியது நாலரை நிமிடம்.
எண்பது தப்படிக்கு அது போதாது.
இருக்கையிலேயே முழங்காலை வயிற்றோடு சேர்த்து வைத்து
நோட்டை எடுத்தேன்.
பை பதினொரு மணிக்கு ஆறியது.
கஞ்சி தங்கியது.
வலி என்ற கட்டத்தில்
பேனாவை வைத்தபடியே இருந்தேன்.

முன்கதவில் ஒரு சிறுவன் தட்டினான்.
திறந்தேன்.
குளிர் முதலில் ஏறியது, பிறகு அவன்.