ஈறு

மேல் ஸ்தாயி போன வசந்தத்திலிருந்தே எட்டவில்லை.
ஜெமைல் முதலில் பழியைப் பித்தளை மேல் போட்டான்.
நிஷ் நகரத்துக்குப் பேருந்தேறி
இரண்டு கல்யாணக் கூலியைக் கொட்டி
புது ஊதுவாய் வாங்கி வந்தான்.
அதன் வெள்ளி விளிம்பிலும்
அதே இளஞ்சிவப்பு வளையம்.
சட்டைக் கையில் துடைத்துவிட்டு ஊதினான்.
துடைத்துவிட்டு ஊதினான்.
வெள்ளைச் சட்டை போடுவதை நிறுத்தினான்.

வ்ரான்யேயில் கல்யாணம் லேசில் முடியாது.
ட்ரம்பெட்காரன் நெற்றியில் பணம் ஒட்டுவார்கள்,
வாயில் பக்லாவா திணிப்பார்கள்,
பாகு மோவாயில் வழிய வழிய
அடுத்த பாட்டு கேட்பார்கள்.
முன்பல் ஒன்று
காற்றோடு சேர்ந்து ஆடியது யாருக்கும் தெரியாது.
இரவில் ஹைரியா முகம் திருப்பிக்கொண்டதற்கு
அவன் வேறு காரணம் நினைத்திருந்தான்.

பல் மருத்துவர் விதோசாவா அதிகம் பேசமாட்டாள்.
மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை
பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் இறக்கி
ஆழத்தை மட்டும் சொல்வாள். யாஸ்னா எழுதுவாள்.

நாலு. நாலு. நாலு. ஆறு.
நாலு. நாலு. நாலு. ஆறு.

வாய் பிளந்து படுத்திருந்தவனின்
வலது பாதம் அசையத் தொடங்கியது.
தக தக தக தகிட.
அந்த ஊர் நடனத்தின் ஒன்பது.
யாஸ்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஏழு, என்றாள் விதோசாவா.
பாதம் நின்றது.

என் மொழியில்
சொல்லின் கடைசி எழுத்துக்கும் ஈறு என்றுதான் பெயர்.
ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தை
அர்த்தம் புரியாமல் மனப்பாடம் செய்தவன் நான்.
இன்று எடுத்துக்காட்டு கேட்டால் சொல்வேன்:
ஊதாக் குழல்.

"ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள்?"
பல்லுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?
கேட்க முடியாமல் வாயில் அவள் விரல்.
ஐந்து விரலைக் காட்டினான்.
இன்னொரு விரலைப் பிடித்துக் குத்தினாள்.
பதினேழு புள்ளி இரண்டு.
நம் கணக்கில் முந்நூறைத் தாண்டும்.

மூன்று வருடம் முன்பும்
இதே நாற்காலிக்கு ரத்தத்தோடு வந்தவன்.
கொப்பளிக்க மருந்து கொடுத்து
அனுப்பியிருக்கிறாள்.
கோப்பில் தன் கையெழுத்தை
அவள் மெல்ல வாசித்தாள், உதடு அசையாமல்.

பிறகு சொன்னாள்:
சர்க்கரை ஏறினால் ஈறு ஆறாது.
ஈறு அழுகிக் கிடந்தால் சர்க்கரை இறங்காது.

அவன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான்.
"டிரம்காரன் வேகம் பிடித்தால் நான் ஓடவேண்டும்.
நான் ஓடினால் அவன் இன்னும் வேகம் பிடிப்பான்.
கடைசியில் ஆடுகிறவர்கள் விழுவார்கள்.
அதுதானே?"

அதுதான்.

நாலு அமர்வு, வேர்வரை சுரண்டல்.
காலை ஒரு மாத்திரை, இரவு ஒன்று.
ஆடிய பல் போயே போயிற்று.
மூன்று மாதச் சராசரி
பத்து புள்ளி நாலிலிருந்து எட்டு புள்ளி ஒன்றுக்கு வந்தது.
இதில் மாத்திரை எவ்வளவு, கம்பி எவ்வளவு என்று
பிரித்துச் சொல்லத் தெரியாது என்றாள் விதோசாவா.
இன்னும் இறங்கவேண்டும் என்றாள்.

அக்டோபரில் ஒரு கல்யாணம்.
கட்டுப்பல் வைத்து, உச்சியை இளையவனுக்கு விட்டுவிட்டு
கீழ் ஸ்தாயியில் நின்றான் ஜெமைல், வெள்ளைச் சட்டையில்.
மணப்பெண்ணின் தகப்பன்
தட்டு நிறைய பக்லாவாவோடு
அவனையே குறிவைத்து வந்துகொண்டிருந்தான்.

ஊதுகிற வாயில் யாராலும் ஊட்ட முடியாது.
நிறுத்தாமல் ஊதினான்.