ஏழாம் எழுத்து

எருசலேமில் நாலு நாளாய் மழை.
அகராதி அலுவலகத்தின் இரண்டாம் மாடியில்
மண்ணெண்ணெய் அடுப்பைக் காலருகே இழுத்துக்கொள்கிறாள்
ஹெத்வா பால்தி.
மேசைமேல் ஓர் அட்டை.
பொருள்: ஆண்குறி. கொச்சை.
பிறப்பு என்ற இடம் மட்டும் வெள்ளை.

சொல் என்றால் சொல்கூட இல்லை, ஓர் எழுத்து.
அவர்கள் நெடுங்கணக்கில் ஏழாவது.
ஃஜாயின்.
தமிழில் அதை எழுத
ஆய்தத்தை முன்னால் நிறுத்தவேண்டியிருக்கிறது.

பழைய பொருள் ஆயுதம்.
வேறென்ன, வாள்தான் என்கிறான் எதிர்மேசை எவ்யாத்தார்,
பட்டாளம் முடித்துவந்த மிதப்பு இன்னும் தோளில்.
உங்களுக்கு எல்லாமே வாள்தான் என்று
பென்சில் சீவுகிறாள் ஹெத்வா.

பிழை திருத்தும் ஃஜல்மானுக்குக் காது மந்தம்.
இத்திஷில் வளர்ந்தவர்.
வால், என்கிறார் உரக்க.
வால் என்று சொல்லவும் கூசி
அதன் முதலெழுத்தை மட்டும் சொல்லியிருப்பார்கள்,
என் ஊகம், அடித்துச் சொல்லமாட்டேன்.

வாளா, வாலா.
அவர்கள் மொழியில் இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.
இங்கே எனக்குத்தான்
நாக்கு நுனி மடங்குகிற தூரத்தில் கிடக்கிறது வழக்கு.

ஃஜல்மான் சொல்வது சரியென்றால்
மானத்தை மறைக்கப் போர்த்திய துணிதான்
இன்று அம்மணமாய்த் திரிகிறது.
ஆயுதம் ஏந்தினார்கள் என்று எழுதவந்த நிருபர்
பாதியில் நிறுத்தி வேறு வினை தேடுகிறார்.
கம்பி கட்டிய காங்கிரீட்டுக்கும் அதே வேர்.
ஹைஃபாவில் பாலம் கட்டுகிற பொறியாளர்கள்
நாற்பது வருஷமாய் அந்தச் சிரிப்பை அடக்கி
இருமலாக்கி வைத்திருக்கிறார்கள்.

மூன்று மணிக்குத் தொலைபேசி.
பள்ளிக்கூடம்.
உங்கள் மகன் நிதாய் மேசையில் கெட்ட வார்த்தை செதுக்கியிருக்கிறான்.

நனைந்த கோட்டோடு போய் நிற்கிறாள்.
வகுப்புகளுக்கு எண் இல்லை அங்கே, எழுத்துதான்.
என் வகுப்பைத்தானே எழுதினேன், என்கிறான் நிதாய்,
ஏழாம் வகுப்பு,
முகத்தில் அத்தனை யோக்கியம்.
துணைத்தலைமையாசிரியை இவளைப் பார்க்கிறார்:
நீங்கள் அகராதிக்காரி, சொல்லுங்கள்.

பையில் அட்டை இருக்கிறது.
எடுக்கவில்லை.
குனிந்து காம்பஸ் முனை கீறிய பள்ளத்தை
விரலால் தடவுகிறாள்.
கீழ்நோக்கி ஒரு கோடு, தலையில் சின்னதாய் ஒரு மூடி.
வாள் என்றால் வாள்.
வால் என்றால் வால்.
மேசைக்கு எவ்வளவு, என்று கேட்கிறாள்.