மஞ்சள் வில்லை

பத்தூமியில் மூன்று நாளாக மழை.
ஸ்டுடியோவிலிருந்து கொண்டுவரும் வழியில் நனைந்த
திபிலீசி நகரம்
சமையலறைத் தரையில் காய்கிறது.
ஐந்து நாள், நூற்று எண்பத்து மூன்று படம்.
அடுப்புக்குப் போக
எல்தார் ஒற்றைக்காலில் தாவுகிறான்.

விதி ஒன்றுதான்.
இரண்டிரண்டாக வைக்க வேண்டும்.
இரண்டும் பேச வேண்டும், கத்தக் கூடாது.

முதல் ஜோடி தானாக அமைந்தது.
மெட்ரோவின் நகரும்படியில் இறங்கும் மொட்டைத் தலைகள்,
ரயிலடிச் சந்தையில் சரிந்து கிடந்த கத்தரிக்காய்கள்.
அதே சாய்வு, அதே பளபளப்பு.
சிரித்துவிட்டேன்.
சிரித்த பிறகு அதில் பார்க்க
ஒன்றும் மிச்சமில்லை.
பிரித்துவிட்டேன்.

ஒன்பது மாடிக் கட்டடத்தில்
காசு போட்டால்தான் ஏறும் லிஃப்ட்;
உண்டியல் துளையில் சிறுமியின் விரல்.
பக்கத்தில், தேவாலயத்து மெழுகுவத்திப் பெட்டி;
துளையில் கிழவரின் விரல்.
இரண்டிலும் மேலே போகக் கட்டணம்.
இது இருக்கட்டும்.

பிறகு நள்ளிரவு தாண்டி
அந்த ஜோடி.

இருபத்தேழு:
வேரா பகுதியில் மருந்துக்கடை வாசல்.
ஊசி போட்டாயிற்று என்று
காதில் மஞ்சள் வில்லை குத்திய தெருநாய்
தாடையைப் படியில் சாய்த்துத் தூங்குகிறது.

நூற்று நாற்பது:
வறண்ட பாலத்தில் பழைய சாமான் விற்பவர்
மடக்கு நாற்காலியில்
தாடை மார்பில் சரியத் தூங்குகிறார்.
கரண்டி எதிலிருந்தோ கழன்ற விலைச்சீட்டு
கோட்டுக் கழுத்தில் ஒட்டியிருக்கிறது.
மஞ்சள்.

சேர்த்து வைத்ததும் கை நடுங்கியது.
ஒளி விழும் பக்கம் ஒன்று,
கழுத்து மடியும் விதம் ஒன்று.
இதற்காகத்தான் போனேன் என்றுகூடத் தோன்றியது.

எல்தார் தேநீரோடு நின்று பார்த்தான்.
‘இதுல யாருக்குக் கௌரவம்?
நாய்க்கா, அந்த ஆளுக்கா?’
நான் வாய் திறப்பதற்குள்
தாவிப் போய்விட்டான்.

அவர் பெயர் நுக்ஸார்.
விழித்த பிறகு அவரே சொன்னார்.
தூங்கும்போது எடுத்தேன் என்று
நான் சொல்லவில்லை.
அந்தக் கூச்சத்தில்
லென்ஸ் மூடி ஒன்று வாங்கினேன், மூன்று லரி.
‘இதன் கேமரா போன வாரம் போய்விட்டது,
மூடி மட்டும் கூடப் போகவில்லை’ என்றார்.
என் கேமராவை வாங்கி
ஃபிலிமைத் திருகி
முதுகைத் தன் காதோடு ஒட்டவைத்து
ஒரு முறை அழுத்தினார்.
வைத்தியர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு.

‘ஷட்டர் சோம்புகிறது.
உன் படமெல்லாம் வெளுத்துத்தான் வரும்.’

வெளுத்துத்தான் வந்திருக்கின்றன.

அப்படியானால் நூற்று நாற்பத்தொன்று?
கெட்டுப்போனவற்றின் குவியலில் தேடினேன்.
சாய்ந்த பாலக் கம்பி,
யாருடைய தொப்பியிலோ பாதி,
மீதி முழுக்க வெள்ளை வானம்.
யாரும் பார்த்து எடுக்காத படம்.
கேட்டு எடுத்தது.

நூற்று நாற்பதை உறையில் போட்டேன்.
அனுப்ப முகவரி இல்லை:
பாலம், இடப்பக்கம், கரண்டிகளுக்குப் பின்னால்.

நாய்க்குப் பக்கத்தில்
அந்தச் சாய்ந்த கம்பியை வைத்தேன்.
ஒரு பக்கம் காது.
மறுபக்கம் ஒரு காதில் விழுந்தது.
உருவத்தில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

‘இது என்ன ஜோடி?’ என்கிறான் எல்தார்,
ஒரு கால் அந்தரத்தில்.
விளக்கினால் கெட்டுவிடும்.
விளக்காவிட்டால்
இவனைப் போலத்தான் எல்லோரும் கேட்பார்கள்.

காலை ஊன்ற இடம் தேடுகிறான்.
கத்தரிக்காய் மேல் மிதி என்கிறேன்,
அது வேண்டாம்.