அவசரத் தீர்மானம், எண் பதினேழு

முதல் காகம் பள்ளிப் பேருந்துக் கொட்டகையில் விழுந்தது.
அடுத்த வாரம் பதினொன்று.
அதற்கடுத்த வாரம் விழுந்தது காகமல்ல,
வெர்னன் டகெட்.
தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர்
காய்ச்சலில் முதலில் மனைவியின் பெயரை மறந்தார்,
பிறகு விழுங்குவதை.

செவ்வாய் இரவு மாவட்ட மன்றம் கூடியது.
ஏழு கைகள் உயர்ந்தன, ஒன்று கொட்டாவியை மறைத்தபடி.
அறிவிப்பு ஒட்டி ஒரு நாள் கழிந்தால்
சம்மதம் கேளாமல் உள்ளே நுழையலாம்.
இப்படித்தான் என் கைக்கு வந்தது
பூட்டு வெட்டும் கத்தரி.

கலிபோர்னியாவின் இந்தப் பள்ளத்தாக்கில்
வங்கி எடுத்துக்கொண்ட வீட்டை
மேலிருந்து கண்டுபிடிப்பது சுலபம்.
நீச்சல் குளங்கள் வரிசையாக
நீலம், நீலம், நீலம்,
பச்சை.
விமானம் படமெடுத்துத் தரும்.
நான் வண்டியில் போவேன்,
ஒரு வாளி மீனோடும்
நீளக் காம்புக் கரண்டியோடும்.

பாதாம் தெரு, 4418.
குளத்தில் ஒரு மெத்தை பாதி மூழ்கிக் கிடந்தது.
கரண்டியில் அள்ளினேன்.
நூற்றுப் பன்னிரண்டு.
தலைகீழாய்த் தொங்கி
வாலால் மூச்சு விடும் காற்புள்ளிகள்;
எந்த வாக்கியத்திலிருந்து உதிர்ந்தனவோ.

எழுதிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன்:
தோட்டக் குழாயருகே ஒரு பல் துலக்கி.
ஈரம் காயாதது.

துவைக்கும் அறைக் கதவு திறந்தது.
டுவார்ட் சில்வெய்ரா, பால் பண்ணையில் இரவு வேலை,
பத்தொன்பது ஆண்டு இந்த வீட்டின் சொந்தக்காரர்,
இப்போது இதன் திருடர்.
"மோட்டாரைப் போட்டால் மின்சாரக் கணக்கில் தெரிந்துவிடும்,
அதனால்தான் தண்ணீர் இப்படி" என்றார்,
விருந்தாளியிடம் வீடு பெருக்காததற்கு
வருந்துகிறவர் போல.

"கடிக்கிறதா?"
சட்டைக் கையை மடித்துக் காட்டினார்.
நான் எண்ணவில்லை.

மீன்களை விட்டேன், முப்பத்தைந்து.
குட்டி போடும் இனம், பதினைந்தாம் நாள் பாருங்கள் என்றேன்.
என்ன தின்னும் என்று கேட்டார்.
"உங்களைத் தின்னப் போவதை."
சிரித்தார். பல் சுத்தமாக இருந்தது.

படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
காலி. ஆள் உண்டு.
ஆள் உண்டு என்றால் நாளொன்றுக்கு ஆயிரம் டாலர் அபராதம்,
நகல் ஷெரீப்புக்கு.
காலி என்றால்
மருந்தடிக்கும் இரவில் எச்சரிக்கைத் தொலைபேசி
இந்த வீட்டுக்கு வராது.

காலி என்று குறித்து
இனெஸ் ஓர்டாஸ் என்று கையெழுத்திட்டேன்.
என் பேனா எப்போதும்போலவே எழுதியது.
பிறகு தொலைபேசி செய்ய வேண்டியதை
வாயால் சொன்னேன்:
வியாழன், இரவு பத்துக்கு மேல்,
ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கட்டும்.
சமையலறை ஜன்னலில் கண்ணாடியே இல்லையே என்றார்.
வண்டியிலிருந்த ஒட்டு நாடாவைக் கொடுத்தேன்.
அரை உருளைதான் இருந்தது.

வியாழன் புகை வண்டியை நானே ஓட்டினேன்.
மணிக்குப் பத்து மைல். மஞ்சள் விளக்கு சுழல
தெருத் தெருவாய் வெள்ளைப் புகை.
டகெட் வீட்டைக் கடந்தோம்;
தக்காளிச் செடிகளுக்கு யாரோ
போர்வை போர்த்தியிருந்தார்கள்.

பாதாம் தெருவில் விளக்கில்லை.
4418இன் சமையலறை ஜன்னலில்
என் மஞ்சள் அறிவிப்புகள் மூன்றும்
விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டப்பட்டிருந்தன,
எழுத்து உள்பக்கம் பார்க்க.
பின்னாலிருந்து ஒரு கை
ஒரு மூலையை
அழுத்திப் பிடித்திருந்தது.