நாற்பத்தெட்டாவது சான்று

வேளச்சேரியில் மின்சாரம் போய் இருபது நிமிடம்.
மடிக்கணினியில் பதினோரு சதவீதம்.
இதழின் பெயர் சாய்வெழுத்தில்,
தொகுதி எண் தடித்து,
பக்க எண்களுக்கு நடுவே
சிறுகோடு அல்ல, அதைவிடக் கொஞ்சம் நீண்டது.
மூன்றாம் முறை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

மென்பொருள் கேட்கிறது: குடும்பப்பெயர்?
இல்லையென்றால் விடாது.
அப்பா பெயரைக் கொடுத்தேன்.
இப்போது எண்ணூர்க் கழிமுகத்தில்
முழங்கால் புதைய நண்டு எண்ணியவர்
தாமோதரன்.
ரயில்வே கணக்குப் பிரிவு, மீன் வாடை ஆகாது.
அவருக்குப் பின்னால் நான்
ஓர் எழுத்து, ஒரு புள்ளி.

நாற்பத்தேழு சான்றுகள் சரி.
அடுத்தது தேசப்பன்.
சாம்பல் தண்ணி வந்த வருசம்
எந்த நண்டு மொதல்ல போச்சுன்னு
துடுப்பை நிறுத்தாமலே சொன்னவர்.
நேர்ப்பேச்சு பட்டியலில் வராது என்கிறது விதி.
வரிக்குள்ளேயே, அடைப்புக்குறியில்,
நாளோடு.

நாள்?
குறிப்பேட்டில் அந்தப் பக்கம் சேற்றில் ஒட்டிக் கிடக்கிறது.
பிரித்தால் அவர் சொன்னபடியே இருக்கிறது.
அப்படியே தட்டினேன்:
ஐப்பசி, அமாவாசைக்கு மறுநாள், வத்தம்.

நான்கு சதவீதம்.
திருத்தச் சொல்லட்டும்.