பதினாறிலிருந்து பதினைந்து

போரூர் போகும் வழியில்
மெட்ரோ தகரத் தடுப்பு முடிகிற இடத்தில் ஒரு பள்ளம்.
மழைத்தண்ணீர் நிரம்பி, தெருவிளக்கொன்று
அதற்குள் நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது.
ஆழமறியாமல் காலை விடாதே என்பார்கள்.
காலை விட்டது நானில்லை,
இடது முன்சக்கரம்.

சத்தம் முதலில் என் இடுப்புக்கு வந்தது,
பிறகுதான் காதுக்கு.
நாளெல்லாம் அடுத்தவர் முதுகில்
எலும்பெலும்பாக எண்ணுகிற விரல்கள்
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னுடையதை எண்ணின.

இறங்கிப் பார்த்தேன்.
அலாயின் விளிம்பு உள்ளே மடங்கியிருந்தது.
டயரின் பக்கச்சுவரில் நெல்லிக்காயளவு வீக்கம்.
புறங்கையை வைத்துச் சூடு பார்த்தேன்,
பழக்கதோஷம்.

மறுநாள் விருகம்பாக்கம்.
பங்கஜவல்லி அம்மாளுக்கு முட்டி மாற்றிப் பதினோராம் நாள்.
காலை மடக்கி நீட்ட வைத்துக்கொண்டே கேட்டேன்,
"எந்த முட்டின்னு எப்படிம்மா முடிவு பண்ணீங்க?"
"டாக்டர் மூணு விலை சொன்னார்,
பையன் நடு விலையைச் சொன்னான்,
நான் மயக்கத்துல இருந்தேன்."

எனக்கு மயக்கமருந்து தருவாரில்லை.
ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில்
பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.
சுவரெங்கும் பளபளக்கிற அலாய்கள்:
நட்சத்திரம், சூரியகாந்தி, மின்விசிறி,
ஒன்று அசப்பில் பல் ஆஸ்பத்திரி விளம்பரம்.
முன்பு இந்த வண்டியை வைத்திருந்தவர்
இப்படி ஒன்றில் மயங்கித்தான்
பதினாறு அங்குலம் மாட்டியிருக்கிறார்.
அழகு அவருக்கு. பள்ளம் எனக்கு.

தனகோட்டி கடைக்காரர், கையில் சுண்ணாம்புக்கட்டி.
தரையில் இரண்டு வட்டம் போட்டார்,
வெளிவட்டம் இரண்டுக்கும் ஒரே அளவு.
"இது உன்து மேடம். நூத்தித் தொண்ணூத்தஞ்சு, அம்பத்தஞ்சு, பதினாறு.
இது கம்பெனியில வந்தது. நூத்தி எம்பத்தஞ்சு, அறுவத்தஞ்சு, பதினஞ்சு.
மொத்த ஒசரம் மாறாது.
இரும்ப ஒரு இஞ்ச் கொறச்சா
சுத்தி ரப்பர் ஏறும்."
ஏறியது எவ்வளவு என்று அளந்து பார்த்தேன்.
என் சுண்டுவிரலின் கனம்.

சுண்டுவிரல்தானே என்று தோன்றவில்லை.
இரண்டு எலும்புக்கு நடுவில் இருக்கிற தட்டு
அதைவிடச் சன்னம்.
அது பிதுங்கியவர்கள் வீட்டுக்குத்தான்
தினமும் வண்டியெடுத்துப் போகிறேன்.

"அலாயே போடட்டா? வேற டிசைன் கீது."
"இடிச்சா?"
"பெரிய அடின்னா விரிசல் வுடும்.
ஸ்டீலு நெளியும், தட்டி எடுத்துக்கலாம்.
பாக்கத்தான் ஒரு மாரியா இருக்கும்."
பார்க்க ஒரு மாதிரி இருப்பதில்
எனக்கு ஆட்சேபணை இல்லை என்றேன்.

புதுப்பேட்டையிலிருந்து நாலு ஸ்டீல் ரிம் வந்தது,
யாரோ ஒருவரின் வண்டியில் ஓடிய கறுப்பு ரிம்கள்.
சுழற்றி, கோட்டம் பார்த்து, ஒன்றைத் திருப்பியனுப்பினார்.
டயரை நான் பார்த்தேன்.
ஆடு வாங்குகிறவள்போலக் கட்டைவிரலால் அழுத்தி,
பக்கச்சுவரில் பிறந்த வாரம் தேடினேன்.
முதல் ஜோடிக்கு நாலு வயது,
ரேக்கிலேயே மூத்துப்போனது.
"ஓடாத டயருக்கு வயசு ஏது மேடம்?"
நடக்காத முட்டிக்கு உண்டு, எனக்குத் தெரியும்.
வேறு எடுக்கச் சொன்னேன்.

எத்தனை கிலோமீட்டர் வரும்?
"நாப்பதாயிரம்." சற்றுப் பொறுத்து,
"ரோட்டப் பொறுத்து."
நானும் இப்படித்தான் சொல்வேன்,
ஆறு வாரத்தில் படியேறலாம், உடம்பைப் பொறுத்து.

முப்பத்துமூன்று காற்று. பேலன்ஸிங். அலைன்மென்ட்.
பழைய அலாயில் உருப்படியாக இருந்த மூன்றை
அவரே விலைக்கு எடுத்துக்கொண்டார்.
போக, கைக்காசு இருபத்தோராயிரத்து நானூறு.

திரும்பும்போது வண்டி
செருப்பு மாற்றிக்கொண்டது மாதிரி இருந்தது.
வேகத்தடையில் ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான்.
தகரத் தடுப்பு முடிகிற இடம் வந்தது.
கை தானாக வலப்பக்கம் ஒடித்தது.

பள்ளம் இல்லை.
நேற்றிரவோ இன்று காலையோ
ஜல்லி கொட்டி, தார் ஊற்றி மூடியிருக்கிறார்கள்.
சாலை அங்கே மட்டும் கொஞ்சம் மேடாக,
தையல் போட்ட இடம்போல.

பின்னால் வந்த பைக்காரர் பிரேக் அடித்து,
ஜன்னலருகே வந்து கத்தினார்:
"வூட்ல சொல்லினு வந்தியா?"

இல்லை.
இருபத்தோராயிரத்து நானூறு.
இன்னும் சொல்லவில்லை.