அடுத்த நம்பர்

முதலில் பழி விழுந்தது ஒரு சின்னப் பையன் மேல்.
ஜன்னலோரக் கதிரையில் டொஃபி பூசிவிட்டானென்று
தபால் கந்தோர் மெரினா
சேலையைப் பிய்த்துக்கொண்டு எழும்பினார்.
துடைத்தேன்.
மறுநாளும் ஒட்டியது. அதற்கு மறுநாளும்.
பல் டொக்டரிடம் வந்து உட்கார்ந்துகொண்டு
யார் இவ்வளவு இனிப்புத் தின்கிறார்கள்?

அண்ணாந்து பார்த்தேன்.
தட்டில், முழ உயரம்கூட வராத இத்திமரம்.
டொக்டர் நிஃமத் பேராதனைப் பூக்கண்காட்சியில்
விலை சொல்ல வெட்கப்பட்டு வாங்கி வந்தது.
அவர் மகளோடு இருக்க மெல்பர்ன் போய்விட்டார்.
திங்களும் வியாழனும் கண்டியிலிருந்து வேறொருவர் வருவார்;
மற்ற நாட்களில் சாவி, ரெஜிஸ்டர், மரம்
என் பொறுப்பு.

இலையின் அடியில், நடுநரம்பு நெடுக,
பழுப்பு முத்துகள்.
மொட்டு என்றல்லவா நினைத்திருந்தேன் இத்தனை நாள்!
நகத்தால் ஒன்றைக் கிளப்பினேன்.
அடியில் ஈரம். மஞ்சள் மாவாய் முட்டை.
சுவர்க் கடிகாரத்தின் பின்னாலிருந்து
எறும்புகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன;
அவற்றுக்கு எப்போதோ தெரியும்.

புதன் பின்னேரம்
ஹட்டன் ரவுனே பனிமூட்டத்துக்குள் போய்விட்டது.
பஸ் ஹோர்ன் மட்டும் இருக்கிறது, பஸ் இல்லை.
ஒரு நோயாளியும் இல்லை.
மரத்தை நாற்காலியில் வைத்து, சாய்த்து,
விளக்கை இழுத்தேன்.
"வலித்தால் கையைத் தூக்குங்கள்" என்று
வாய்வரை வந்துவிட்டது.

காறை எடுக்கும் பழைய கொக்கி,
ஸ்பிரிட் தோய்த்த பஞ்சு, ஒரு டூத்பிரஷ்.
ஒவ்வொரு செதில் பூச்சியாகச் சுரண்டிச் சுரண்டி
எண்பதுக்குப் பிறகு எண்ணவில்லை.

தொட்டியிலிருந்து தூக்கினேன். வேரின் வாடை
எனக்குப் புதிதல்ல; அழுகலின் வாடை ஒன்றுதான்.
காலையில் நான் ஊற்றுவேன்.
பதினொரு மணிக்குக் கூட்டித் துடைக்கும் கோகிலா.
இவை போதாதென்று,
கொப்பளிக்கக் கொடுத்த தண்ணீரைக் குடிப்பதா துப்புவதா
என்று தெரியாமல்
யாரும் பார்க்காதபோது அதில் ஊற்றிவிடுகிறவர்கள்.
பயந்தவர்களின் தண்ணீரிலேயே
மரம் மூழ்கியிருக்கிறது.

கறுத்த வேரை வெட்டி எறிந்தேன்.
கரித்துண்டும் ஆற்று மணலும் புதிதாய்ப் போட்டேன்.
கம்பிதான் கஷ்டம்.
கிளையைச் சுற்றியிருந்தது, தோலுக்குள் போய்விட்டது.
கழற்றினால் பட்டை வந்துவிடும்.
தர்ஷிகாவின் பல்லுக் கம்பி நறுக்கும் குறட்டால்
துண்டு துண்டாய் நறுக்கினேன்.
கிளை நிமிரவில்லை.
சொன்ன இடத்திலேயே நின்றது.

வியாழன் முதல் ஆள் வீரமலை.
கன்னம் பணிஸ் மாதிரி வீங்கியிருந்தது.
நம்பர் துண்டை வாங்காமல் மரத்தையே பார்த்தார்.
"யாரு மிஸ் கவ்வாத்து வெட்டுனது?"
ஜப்பான் முறை என்றேன்.
"விட்டா எம்புட்டு வளரும்?"
கூரையைத் தாண்டும்.
"தேயிலையும் அப்புடித்தான்.
எங்க மலையில விதைக்கின்னு நாலு விட்டுருக்கான்,
ஏணி வச்சாத்தான் எட்டும்."
அதற்குமேல் பேச வலி விடவில்லை.
உள்ளே போய், கடைவாய்ப் பல்லைக் கொடுத்துவிட்டு,
பஞ்சைக் கடித்தபடி வந்தார்.
போகும்போது மரத்துக்குத் தலையாட்டினாரா
எனக்கா, தெரியவில்லை.

மூன்று கிழமையில் இலை முழுக்க உதிர்ந்தது.
கோகிலா குப்பை வாளியோடு வந்து நின்றாள்.
பட்டையை நகத்தால் கீறிக் காட்டினேன்: உள்ளே பச்சை.
"அதுக்கென்ன," என்றாள்,
வாளியை மட்டும் எடுத்துப் போனாள்.

இன்று நுனியில் ஒரு சிவப்புக் கூர்.
கண்ணாடி போட்டுக் குனிந்தேன்.
அதன் காலடியில் கடுகில் பத்திலொன்று அளவு
ஏதோ ஊர்கிறது.

ரெஜிஸ்டரைத் திறந்தேன்.
புதன், நாலு மணி.
பெயர்: இத்தி. வயது: தெரியாது.
முறைப்பாடு: திரும்ப வந்திருக்கிறது.
காசு: டொக்டர் வந்த பிறகு.